நந்தனைப் பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார்

தில்லைத் திருச்சிற்றம்பலத்தில் எடுத்த பொற்பாதத்தோடு நின்றாடும் பெருமானைப் பாடாத சைவப் புலவரைக் காண்பது அரிது. தேவாரம் அருளிய மூவரும் பாடினர், மணிவாசகப் பெருமான் பாடினார், திருமூலர் பாடினார், சேக்கிழார் அப்பதியிலேயே இருந்து திருத்தொண்டர் புராணத்தை இயற்றி அரங்கேற்றினார். இப்பெரியோர் வரிசைக்கு நெடுங்காலத்திற்குப் பின், பத்தொன்பதாம் நூற்றாண்டில், ஏடு படித்தறியாத உழவரும் வீட்டு வேலையில் ஆழ்ந்திருந்த மகளிரும் அப்பெருமானைத் தத்தம் வாயால் அழைத்துப் பாடும்படி எளிய தமிழில் இசைப்பாட்டு இயற்றித் தந்தவர் கோபாலகிருஷ்ண பாரதியார். அவர் செய்த நந்தனார் சரித்திரக் கீர்த்தனையின் ஒரு பாட்டேனும் ஒலிக்காத தமிழர் வீதி ஒரு காலத்தில் இருந்ததில்லை எனலாம்.

பாட்டு ஒன்று புலவன் உள்ளத்தில் எவ்வாறு தோன்றுகின்றது என்னும் வினா மிகப் பழமையானது. இறைவன் அடியெடுத்துக் கொடுத்தான் என்று நம் முன்னோர் விடை கூறினர். சேக்கிழாருக்கும், அருணகிரிநாதருக்கும், கந்தபுராணம் பாடிய கச்சியப்பருக்கும் முதற்சொல் அவ்வாறே கிடைத்தது என்பது மரபு. பாரதியாருடைய வரலாற்றில் அத்தகைய அசரீரி கேட்பதில்லை. அவருக்கு எழுச்சி வந்த வழிகள் மிகவும் சாதாரணமானவை. யாரும் கவனியாமல் கடந்து போகக்கூடியவை. திருவருள் அவ்வழிகளிலும் நடந்து வரும் என்பதில் அன்பருக்கு ஐயமில்லை. ஆதலின் அவ்வழிகளைச் சற்று நின்று நோக்குவது தகும்.

நாகப்பட்டினத்தை அடுத்த நரிமணம் என்னும் ஊரில், 1810ஆம் ஆண்டை ஒட்டி, இசைவல்ல அந்தணர் மரபில் பாரதியார் தோன்றினார். அவருடைய முன்னோர் வீணையும் வடமொழியும் கற்றவர். இளமையிலேயே பெற்றோரை இழந்தமையால், சொந்த வீடு என்று சொல்லிக்கொள்ள ஓரிடம் அவருக்கு நிலைக்கவில்லை. முடிகொண்டான் என்னும் ஊரிற் சில காலம் வாழ்ந்தார். அதனால் முடிகொண்டான் கோபாலகிருஷ்ண பாரதியார் என்ற பெயரும் அவருக்கு உண்டு. பின்னர், இன்று மயிலாடுதுறை என வழங்கும் மாயூரத்தை அடைந்து, அவ்வூரையும் அதன் சுற்றுப்புறங்களையுமே தம் வாழ்விடமாக்கிக் கொண்டார்.

அவர் மணம் செய்துகொள்ளவில்லை. மாயூரத்தில் இருந்த கோவிந்தயதி என்னும் துறவியாரை அடுத்து யோக நெறியையும் வேதாந்தப் பொருளையும் கேட்டார். திருவிடைமருதூரில் தஞ்சை மராத்திய அரச மரபினரின் ஆதரவில் இருந்த இராமதாசர் என்னும் இந்துஸ்தானி இசைவாணரிடம் வடநாட்டு இசையின் நுட்பங்களை அறிந்தார். தென்னாட்டு இசை அவருக்குக் குலச் செல்வம். இவ்வளவும் கைவந்தபின் அரசவையை நாடி இருந்தால் பொன்னும் பல்லக்கும் கிடைத்திருக்கும். அவரோ காவிரிக் கரை ஊர்களில் கதை சொல்லியும் பாடியும் அன்பர் இட்ட உணவை உண்டும் காலம் கழித்தார். பற்றற்ற இவ்வாழ்க்கையை வறுமை என்று எண்ணுவது பிழை. அவருக்கு வேண்டியிருந்தது ஓய்வு. பாடுவோனுக்கு ஓய்வை விடப் பெரிய செல்வம் வேறில்லை.

மாயூரத்திற்கு வடக்கே சிறிது தொலைவில் ஆனந்ததாண்டவபுரம் என்ற ஊர் உளது. அங்கிருந்த அன்பர் ஆதரவில் பாரதியார் பல காலம் தங்கினார். அவ்வூரின் பெயரே கூத்தப் பெருமானின் திருநடனம். நாள்தோறும் அப்பெயரைச் சொல்லியும் கேட்டும் வாழ்பவர் நெஞ்சு தில்லையை நோக்கித் திரும்புதல் இயல்பே. அங்கிருந்து வடக்கே செல்பவர், வைத்தீசுவரன் கோயிலையும் அதனை அடுத்த திருப்புன்கூரையும் சீகாழியையும் வணங்கிக் கொள்ளிடத்தைக் கடந்து சிதம்பரம் சேரலாம். திருப்புன்கூரில் நந்தி விலகியிருப்பதை இன்றும் காண்கிறோம். நாளைப்போவார் வாயிலுக்கு வெளியே நின்று வழிபடுவதற்காக இறைவன் அந்நந்தியை விலகச் செய்தார் என்பது புராண வரலாறு. பாரதியார் வாழ்ந்த நிலமும் நந்தனார் ஏங்கித் திரிந்த நிலமும் ஒன்றே. நூலில் படித்த கதையின் ஊர்கள் தம் கால்களுக்கு எட்டும் தொலைவிற் கிடந்தமை அவருக்கு வாய்த்த பெரும் பேறாகும்.

நந்தனாரைப் பாடுவதற்குப் பல ஆண்டுகள் முன்னரே தில்லைப் பெருமான் மீது தனிக் கீர்த்தனைகள் பல அவர் வாயிலிருந்து எழுந்தன. அவற்றுள் ஒன்று பிறந்த வரலாறு கேட்பதற்கு இனியது.

திருவையாற்றில் இராமபக்தியே உயிராக வாழ்ந்த தியாகராச சுவாமிகளைக் காணப் பாரதியார் ஒருமுறை சென்றார். சுவாமிகள் 1847ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இறைவனடி சேர்ந்தவர். ஆதலின் பாரதியார் அப்போது நாற்பதைத் தாண்டாதவர். பயணத்தால் களைத்துப் புழுதி படிந்த கோலத்தோடு, தம்மை யாரென்று சொல்லாமல் ஒரு பக்கத்தில் அமர்ந்தார். சீடர் ஆபோகி இராகத்தில் சுவாமிகளின் கீர்த்தனை ஒன்றைப் பாடிக்கொண்டிருந்தனர். பாட்டு முடிந்ததும் சுவாமிகள் புதியவரைப் பார்த்து ஊர் எது என்று வினவினார். மாயூரம் என்று கேட்டதும், அவ்வூரில் உள்ள கோபாலகிருஷ்ண பாரதியாரைத் தெரியுமா என்று ஆவலோடு கேட்டார். அவர் தாமே என்று பணிவுடன் விடை வந்தது. சுவாமிகள் மகிழ்ந்து உபசரித்து, ஆபோகி இராகத்தில் ஏதேனும் இயற்றியதுண்டோ என்று கேட்டார். பாரதியார் அதுவரை அந்த இராகத்தில் ஒன்றும் இயற்றியதில்லை. இல்லை என்று வாயால் சொல்வதற்கும் அவர் கூசினார், பேசாதிருந்து விட்டார். மறுநாள் அவர் சுவாமிகளின் முன் வந்து அமர்ந்தபோது, சபாபதிக்கு ஒப்பான தெய்வம் வேறு உண்டோ என்னும் கருத்தமைந்த ஆபோகிக் கீர்த்தனை அவர் நாவில் இருந்தது. கேட்ட சுவாமிகள் மனமாரப் பாராட்டினார் என்று மரபு கூறும்.

இராமனையன்றிப் பிறிதொன்றை எண்ணாத பெரியவர் இல்லத்தில் அமர்ந்து தில்லைச் சபாபதியின் தனிச் சிறப்பைப் பாடியது துணிவே. பாடியவர் பெயரிலோ கண்ணன் இருக்கின்றான்! அவருடைய பாட்டுக்களின் இறுதியில் முத்திரையாக வருவதும் அப்பெயரே. இதனைப் போட்டி என்று கருதுவார் இரு பெருமக்களையும் அறியாதார். உயர்ந்த பாட்டு ஒன்றைக் கேட்ட நெஞ்சு வாளா இருக்க இயலாமல் தன் தெய்வத்தை நோக்கிக் குரல் கொடுத்தது. கேட்டவரும் அதனை அவ்வாறே கொண்டார்.

அந்தக் கீர்த்தனையின் சரணத்தில் ஒரு குறிப்பு உளது. குலத்தால் இழிந்தவர் என்று உலகம் ஒதுக்கிய மூவர் தில்லையில் இறைவன் திருவடியை அடைந்ததாகப் புராணத்தில் கேட்டோம் என்பது அதன் கருத்து. பலர் இதனைப் பொருள் நோக்காமல் பாடிச் செல்கின்றனர். நந்தனார் சரித்திரம் முழு நூலாக உருப்பெற்று அச்சேறியது 1860களின் தொடக்கத்தில். சுவாமிகள் முன்னிலையில் ஆபோகி பாடியது 1847க்கு முன். ஆதலின் நந்தன் என்னும் வித்து, ஒரு சரணத்தின் ஓர் அடிக்குள், பதினைந்து ஆண்டுகளுக்குக் குறையாமல் அவர் நெஞ்சில் புதைந்து கிடந்திருக்கின்றது. முளைப்பதற்கு அதற்கு இன்னும் ஏதோ வேண்டியிருந்தது.

நந்தனாரின் வரலாறு நூல்தோறும் வளர்ந்த முறை வியப்புக்குரியது. சுந்தரமூர்த்தி சுவாமிகள் திருத்தொண்டத் தொகையில் திருநாளைப்போவார் என்ற பெயரை ஒரு சிறு தொடரில் வைத்து வணங்கிச் சென்றார். நம்பியாண்டார் நம்பி தம் அந்தாதியில் ஒரு செய்யுளால் அவரைப் போற்றினார். சேக்கிழார் அதனை 37 செய்யுட்களில் விரித்தார். கொள்ளிடக் கரையில் ஆதனூர், அதன் புறத்தே புலைப்பாடி, அங்கே தமது பணியாகக் கோயில் முரசங்களுக்குத் தோலும் வாரும் வீணைக்கும் யாழுக்கும் நரம்பும் பூசனைக்குக் கோரோசனையும் அளித்து வந்த தொண்டர், திருப்புன்கூரில் அவர் பெற்ற தரிசனம், நாளைப் போவேன் நாளைப் போவேன் என்று நாட்கள் கழிந்த ஏக்கம், தில்லை எல்லையில் உட்புக அஞ்சி வலம் வந்து நின்ற நிலை, எரியில் மூழ்கி முனிவராக எழுந்து அம்பலத்தில் மறைந்த முடிவு, எல்லாம் அந்த 37 செய்யுட்களில் அடங்கும். தெய்வச் சேக்கிழாரின் நாவில் ஒரு சொல் மிகை இல்லை.

ஆனால் தொண்டர் ஏன் நாளை நாளை என்று காலம் தாழ்த்தினார்? குலத்தின் இழிவை நினைந்து தயங்கினார் என்கிறார் சேக்கிழார். பாரதியாரின் நெஞ்சு அத்தயக்கத்தின் வெளிப்புறத்தையும் பார்த்தது. காவிரிப் பாசன நாட்டில் பண்ணை வேலை செய்வோர் நிலை அவர் கண்முன் இருந்தது. அடிமை நிலையைச் சட்டம் ஏற்காது என்று கும்பினி ஆட்சியார் 1843ஆம் ஆண்டில் 5ஆம் எண் சட்டம் இயற்றினர். எனினும் வயலில் விடியுமுன் இறங்கி இருட்டியபின் ஏறும் பண்ணையாள் தன் விருப்பப்படி ஓர் ஊருக்குச் சென்று வரும் உரிமை எளிதில் வரவில்லை. நடவுக் காலத்தில் ஆளை விடுவார் யார்? நாளைப் போவேன் என்பவனுக்கு நாளை என்னும் நாளைத் தர வேண்டியவன் நிலக்கிழவன். இந்த உண்மை பட்டவுடன் கதையில் ஒரு புதிய மனிதர் வந்து நின்றார். அவரே நந்தனை ஆளும் பண்ணைக்காரராகிய வேதியர்.

இவ்வேதியர் பெரியபுராணத்தில் இல்லை. முழுவதும் பாரதியாரின் படைப்பு. நந்தன் தில்லைக்குச் செல்ல விடை வேண்டுகிறான். அவர் சினக்கிறார், இகழ்கிறார், அச்சுறுத்துகிறார். சேரியில் உள்ள முதியோரும் தம் குல வழக்கத்தை விட்டு இவன் பித்தனாகித் திரிகிறானே என்று தடுக்கின்றனர். நாற்பது வேலி நிலத்தின் வேளாண்மையையும் முடித்துவிட்டுப் போகலாம் என்று வேதியர் ஆணையிடுகிறார். ஆகாத செயலைச் சொல்லி ஆசையை அடக்கும் தந்திரம் அது. சிவகணங்கள் இறங்கி ஒரே இரவில் அவ்வேலையை முடித்துவிடுகின்றன. விளைந்த வயலைக் கண்ட வேதியர் நடுங்கித் தம் பண்ணையாள் காலிலேயே விழுகின்றார்.

இதனைப் பாடியவர் அந்தணர். அவரை ஆதரித்து உணவிட்டவர்களுள் நிலமுடைய அந்தணச் செல்வர்களும் இருந்தனர். அவர்கள் முன்னிலையில், அவர்கள் திண்ணையிலும் கூடத்திலும் கோயில் மண்டபத்திலும் அமர்ந்து, பண்ணையாளின் காலில் பண்ணைக்காரர் விழும் காட்சியைப் பாடினார். கேட்டவர்கள் கண்ணீர் உகுத்தனர். அக்கண்ணீருக்குப் பிறகு வயலில் என்ன மாறியது என்று கேட்டால் உடனே மாறியது மிகச் சிறிதே. ஆலயக் கதவுகள் எல்லா இந்துக்களுக்கும் திறந்துவிடப்படச் சென்னை மாகாணத்தில் 1947ஆம் ஆண்டுச் சட்டம் வரவேண்டியிருந்தது. எனினும், வாயிலுக்கு வெளியே நிற்பவனின் குரலை வாயிலுக்கு உள்ளே இருப்பவர்கள் தம் வாயாலேயே பாடும்படி செய்தது சிறு செயலன்று. உள்ளே வரலாமோ என்று நந்தன் ஏங்கிக் கேட்கும் மாஞ்சி இராகப் பாட்டைக் கேட்பவர், தாம் வாயிலின் எந்தப் பக்கத்தில் நிற்கிறோம் என்பதை ஒரு கணம் மறந்து போகின்றனர்.

பாட்டின் வடிவையும் பாரதியார் இதற்கேற்பவே தெரிந்தார். கீர்த்தனையோடு நிற்கவில்லை, சிந்து, நொண்டிச்சிந்து, கண்ணி முதலிய எளிய வடிவங்களையும் எடுத்தாண்டார். களத்துமேட்டிலும் திருவிழாக் கூட்டத்திலும் மக்கள் ஏற்கெனவே பாடிப் பழகிய மெட்டுக்கள் இவற்றுட் பல. சொற்களும் அவ்வாறே, நந்தன் பேசும்போது ஏட்டுத் தமிழ் விலகி வாய்த்தமிழ் வந்துவிடுகின்றது. இலக்கண வரம்பு சில இடங்களில் நெகிழ்ந்தது உண்மையே. நாகப்பட்டினம், காரைக்கால் முதலிய ஊர்களில் இக்கதையை அவர் பாடியபோது திரள் திரளாக மக்கள் கூடினர். தமிழை நன்கறிந்தவரும் காரைக்காலில் பிரெஞ்சு அரசில் அலுவல் பார்த்தவருமான சீசே என்பவர் இதில் ஈடுபட்டு, நூல் அச்சேறுவதற்குத் துணை நின்றார். வேற்று நாட்டவரும் வேற்றுச் சமயத்தவருமான ஒருவர் நந்தனுக்காக உருகியதை இங்கே நன்றியோடு நினைக்க வேண்டும்.

ஆயினும் அக்காலத்தில் ஒரு நூல் புலவருலகில் மதிப்புடன் உலவ வேண்டுமாயின் சான்றோர் ஒருவரின் சிறப்புப் பாயிரம் வேண்டும். அந்நாளில் அதற்கு மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களை விடத் தக்கார் யார்? 1815ஆம் ஆண்டில் பிறந்த பிள்ளையவர்கள் பாரதியாருக்குச் சில ஆண்டு இளையவர்; திருவாவடுதுறை ஆதீனப் புலவராய், தலபுராணங்களும் பிள்ளைத்தமிழ்களும் அந்தாதிகளுமாகப் பல்லாயிரம் செய்யுட்களை எழுத்தாணி பிடித்தவர் கை சலிக்கும்படி சொல்லிச் செல்லும் ஆற்றல் படைத்தவர். அவருக்கும் மாயூரத்தில் வாசம் உண்டு. பாரதியார் தம் நூலை எடுத்துக்கொண்டு அவரிடம் சென்றார்.

பிள்ளையவர்களுக்கு நூலில் மனம் செல்லவில்லை. தடைகள் இரண்டு. இலக்கணப் பிழைகள் மலிந்த நூலுக்குத் தாம் பாயிரம் தருவது தமிழுக்குச் செய்யும் தவறு என்று எண்ணினார். சேக்கிழார் கூறாத பண்ணை வேதியரைக் கதையில் நுழைத்தது அதனினும் பெரிய குறையாக அவருக்குப் பட்டது. பெரியபுராணத்தைத் தெய்வ நூலாகப் போற்றியவர் அவர். இவ்விரண்டு தடையும் நியாயமானவை என்பதை மறுத்தற்கில்லை. ஆயினும் முதியவரை முகம் முறியப் பேசவும் மனமில்லை. ஆதலின் இன்னொரு நாள் பார்ப்போம் என்று இன்சொற் கூறி அனுப்பினார். பாரதியார் மறுபடியும் வந்தார். மறுபடியும் இன்னொரு நாள். இவ்வாறு பலமுறை நிகழ்ந்தது.

நாளைப் போவேன் என்றிருந்தவரைப் பாடியவருக்கு நாளை வாரும் என்ற விடையே கிடைத்துக்கொண்டிருந்தது. வேறு ஒருவராயின் சினந்து வேறு புலவரை நாடியிருப்பர். அல்லது நூலைத் திருத்தி வேதியரை நீக்கியிருப்பர். பாரதியார் இரண்டையும் செய்யவில்லை. தம் நூலின் குறையையும் அவர் அறிவார். அதன் உயிரையும் அறிவார். ஆகவே பொறுமையாக வந்துகொண்டே இருந்தார்.

அதன்பின் நடந்ததைப் பிள்ளையவர்களின் மாணாக்கராகிய டாக்டர் சாமிநாதையரவர்கள் எழுதி வைத்துள்ளார். ஒருநாள் பாரதியார் சென்றபோது பிள்ளையவர்கள் பகலுணவுக்குப் பின் உள்ளே படுத்திருந்தார். எழுப்பலாகாது என்று பாரதியார் வெளித் திண்ணையில் அமர்ந்தார். சும்மா இருக்கும் நேரத்தில் அவர் நாவில் வருவது பாட்டே. தாம் கண்ட காட்சி கனவா நனவா என்று நந்தன் தில்லையை நினைந்து மயங்கும் கீர்த்தனையை மெல்லப் பாடத் தொடங்கினார். யாரும் கேட்கிறார் என்ற எண்ணம் அவருக்கில்லை. பாடப் பாட நந்தனும் தாமும் ஒன்றாகிக் கண்ணீர் பெருகியது. உள்ளே துயில் கலைந்த பிள்ளையவர்கள் அப்படியே கேட்டுக்கொண்டிருந்தார். இலக்கணம் பார்க்கும் அறிவு அப்போது வேலை செய்யவில்லை. கேட்க வேண்டியதைச் செவி கேட்டது. அவர் எழுந்து வெளியே வந்தார். இத்தகைய பக்தரை இத்தனை நாள் அலையவைத்தோமே என்று உளம் வருந்திப் பாயிரச் செய்யுளை இயற்றிக் கொடுத்தார்.

இந்நிகழ்ச்சியில் உயர்ந்தவர் யார் என்று வாதிடுவார் உளர். இருவருமே என்பதே பொருந்தும். பிழை பிழையே என்று நின்ற புலமையும் தமிழுக்கு வேண்டும். அப்புலமை உருகத் தெரிந்திருக்கவும் வேண்டும். பிள்ளையவர்களிடம் இரண்டும் இருந்தன. நந்தனுக்கு நந்தி விலகியது போல் பாரதியாருக்கு அந்த வாயிற்கதவு விலகியது என்றால் மிகையாகாது. ஒன்று மட்டும் குறிப்பிடத்தக்கது. பாயிரம் வேண்டி அவர் பேசியபோது ஒன்றும் கிடைக்கவில்லை. பாயிரத்தை மறந்து பாடியபோது கிடைத்தது.

நூல் தமிழ்நாடெங்கும் பரவியது. பாகவதர்கள் இதனைக் கதாகாலட்சேபமாகச் செய்தனர். நாடகக் குழுவினர் மேடையேற்றினர். பின்னாளில் 1935ஆம் ஆண்டில் கே. பி. சுந்தராம்பாளும் 1942ஆம் ஆண்டில் எம். எம். தண்டபாணி தேசிகரும் திரைப்படத்தில் நந்தனாராக நடித்தனர். சேக்கிழாரின் செய்யுளைப் படியாத பலர், பண்ணை வேதியரும் நாற்பது வேலி நிலமும் பெரியபுராணத்திலேயே உள்ளன என்று எண்ணும் அளவுக்குப் பாரதியாரின் கற்பனை மக்கள் மனத்தில் வேரூன்றிவிட்டது. இது அவருக்குப் பெருமையே. எனினும் மூல நூலையும் ஒருமுறை கற்பது சைவர் கடமை.

திருநீலகண்ட நாயனார், இயற்பகை நாயனார், காரைக்காலம்மையார் ஆகியோர் சரித்திரங்களையும் பாரதியார் கீர்த்தனைகளாகப் பாடியுள்ளார். அவை நந்தனார் சரித்திரம் போல் மக்களிடையே வழங்கவில்லை. அதே கை, அதே இசை, அதே பக்தி. தில்லைக் குயவனாராகிய திருநீலகண்டர் கதையில் அதே ஊரும் உண்டு. எனினும் திண்ணையில் தம்மை மறந்து அழவைத்த அந்த வேகம் ஒருவருக்கு வாழ்நாளில் எத்தனை முறை வரும்? வரவில்லை என்பதற்காக அவர் எழுதுகோலை வைத்துவிடவும் இல்லை. தொண்டர்களைப் பாடுவதைத் தம் நித்திய பூசையாகக் கொண்டவர் அவர். பூசையில் ஒருநாள் தீபம் சுடர்ந்து எரியும், ஒருநாள் மங்கி எரியும், பூசை நிற்பதில்லை.

முதுமையில் அவர் மாயூரத்திலேயே இருந்தார். 1871ஆம் ஆண்டில் பிள்ளையவர்களிடம் தமிழ் கற்க வந்து சேர்ந்த இளைஞராகிய சாமிநாதையர், இசைக் குடும்பத்தில் பிறந்தவராதலால், காலை வேளைகளில் பாரதியாரிடம் சென்று கீர்த்தனைகள் கற்றுவந்தார். சில காலத்தில் இது பிள்ளையவர்களுக்குத் தெரிந்தது. இசையில் பழகினால் இலக்கண இலக்கியங்களில் கருத்து ஊன்றாது என்று அவர் எண்ணினார். மாணாக்கர் ஆசிரியரின் குறிப்பை உணர்ந்து இசைப் பயிற்சியை நிறுத்திக்கொண்டார். தமிழ் அன்னைக்கு அதனால் விளைந்த நன்மையைச் சிந்தாமணியும் சிலப்பதிகாரமும் புறநானூறும் அச்சில் வந்ததைக் கொண்டு அறியலாம்.

நின்றுபோன அந்தச் சில மாதப் பாடத்தை ஐயரவர்கள் மறக்கவில்லை. பல்லாண்டுகளுக்குப் பின், ஏட்டுச் சுவடிகளின் நடுவே தம் வாழ்நாளைச் செலவிட்ட முதுமையில், பழையவர்களைக் கேட்டும் தம் நினைவில் நின்றவற்றைத் தொகுத்தும் பாரதியாரின் வரலாற்றைத் தனி நூலாக எழுதினார். நரிமணமும் முடிகொண்டானும் ஆனந்ததாண்டவபுரமும், பிள்ளையவர்கள் வீட்டுத் திண்ணையில் நடந்ததும் இன்று நமக்குத் தெரிந்திருப்பது அந்நூலால்தான்.